வியட்நாமில் என் கடைசி வாரங்கள்: பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?

மாங்குளம் ரீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் மாங்குளத்தைச் சேர்ந்தவள். வியட்நாமின் நடுப்பகுதியில், குவாங் திரியில் உள்ள டோங் ஹா என்ற ஊரில் ஒரு தனியார் ஆங்கில நிலையத்தில் படிப்பிக்கிறேன். என் வேலை அனுமதி ஜூனில் முடிகிறது. இங்கே ஒரு தடவைக்குக் கூடியது 2 ஆண்டுகளுக்குத்தான் அனுமதி கொடுப்பார்கள். புதுப்பித்துத் தர நிலையம் தயாராக இருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு முழங்கால் இயலாமல் போய்விட்டது. அதோடு, ஊரிலேயே ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது.

என் பிரச்சினை இதுதான். கடைசி வகுப்புவரை பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. மே மாதக் கடைசியில் இங்கே பாடசாலை ஆண்டு முடிகிறது. அந்த நேரத்தில்தான் கோடைகால வகுப்புகளுக்குப் பணம் கட்டுவார்கள். ரீச்சர் போகிறார் என்று தெரிந்தால் வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை.

இந்த நாட்டில் ஆசிரியரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் என் தவிப்பு விளங்கும். தெத் எனப்படும் அவர்களுடைய புத்தாண்டில் முதல் நாள் தகப்பன் வழிக்கு, இரண்டாம் நாள் தாய் வழிக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்பது பழைய வழக்கம். மூன்றாம் நாள் காலை என் அறை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. பின்னால் இருந்த பிள்ளைகளின் மடியில், பயறு வைத்து வாழையிலையில் சுற்றி அவித்த ஒட்டரிசி உருளைகள். நவம்பர் 20 இங்கே ஆசிரியர் தினம். அன்று ஊரில் பூக்கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிராது. அப்படி வாசலுக்கு வந்த பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை வேறொருவர் வகுப்பில் நிற்கும்படி எப்படிப் போவது?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஊர் எனக்கு அந்நியமாக இருக்கவேயில்லை. காலைச் சாப்பாடு விரால் மீன் போட்ட, அரிசிமா நூடுல்ஸ் கஞ்சி. முத்தையன்கட்டுக் குளத்து விராலைத் தின்று வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? சித்திரை பிறந்தால் மேற்கு மலைக்கு அப்பாலிருந்து லாவோஸ் காற்று என்று ஒன்று வீசும். மழையை மலையின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் வெக்கையாக இறங்கும். நமது சோளகமும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். அதுவும் மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டுத்தான் வன்னிக்கு வருகிறது. புழுதியும் உதட்டு வெடிப்பும்கூட ஒன்றுதான்.

பிறகு, போர். 1954இல் நாட்டை இரண்டாக்கிய பென் ஹாய் ஆறு இங்கிருந்து கிட்ட. நிலத்துக்குள் இன்னும் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றும் மாக் அமைப்பு 1999 முதல் இங்கே வேலை செய்கிறது; நம் பகுதிக்கு 2002இல் வந்தது. தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சொல்லிக்கொடுப்பதை முதன்முறை பார்த்தபோது, எனக்கு எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் நினைவுக்கு வந்தன. 'என் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி, தன் தாத்தாவுக்கு ஒரு கால்தான், ஆனால் அவர் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாள். திருத்துவதற்கு அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

ட்ருவோங் சோன் மாவீரர் மயானத்துக்கும் போயிருக்கிறேன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி. அங்கே நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை வன்னியில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்றும் இங்கேதான் இருப்பேன். அறையில் கஞ்சி காய்ச்சுவேன். வீட்டுக்கார அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். தானும் வந்து குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கேட்கிறேன். பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது? "திரும்பி வருவீர்களா?" என்று கேட்பார்கள், அது நிச்சயம். என்ன பதில் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டுக்காரன்

அக்கா, நான் வெளிநாட்டில் படிப்பித்தவன் அல்லன். ரீச்சர்மார் விட்டுப்போன பிள்ளையாக எழுதுகிறேன்.

2010இல் முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தபோது எங்கள் பாடசாலை தகரக் கொட்டகையில் நடந்தது. ஆங்கிலத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருவார்கள். வெளிமாவட்டச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. விடியமுன்னர் பஸ் ஏறி வந்து, பின்னேரம் பஸ்ஸுக்கு ஓடும் வாழ்க்கை இலகுவானதல்ல. ஆனால் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. தவணை விடுமுறை முடிந்து போனால் கதிரை வெறுமையாக இருக்கும். அதிபர் வந்து, புது ரீச்சர் வருவார், அதுவரை சத்தம்போடாமல் இருங்கள் என்பார். சில வேளை அந்த 'அதுவரை' ஒரு தவணை முழுவதும் நீளும்.

நாங்கள் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் கெட்டிக்காரராக இருந்திருந்தால் இருந்திருப்பாரோ என்று. பத்து வயதில் அப்படித்தான் யோசனை போகும்.

ஒரேயொரு ரீச்சர் மட்டும் வேறு மாதிரி. போவதற்கு முன்பே திகதியைச் சொன்னார். கரும்பலகையின் மூலையில் எழுதியும் வைத்தார். அந்தத் திகதிக்குள் எந்தப் பாடம்வரை முடிப்போம் என்பதையும் எழுதினார். அழுதவர்கள் அழுதார்கள். ஆனால் பாடம் முடிந்தது. அதைவிடப் பெரிய விடயம் என்னவென்றால், அடுத்து வந்த சேர் முதல் நாளே எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நீதானே நன்றாக வாசிப்பாய், ஆனால் கை தூக்கமாட்டாய்?" என்று என்னைக் கேட்டார். ரீச்சர் ஒரு கொப்பியில் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து நான் கை தூக்கினேன்.

சொல்லிவிடுங்கள் அக்கா. திகதியைச் சொல்லுங்கள். கொப்பியையும் எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர்

பிள்ளை, தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் நான் சிறிது மாறுபடுகிறேன். நெடுநாள் முன்னர் சொன்னால் வகுப்பு கலைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் என்பது ஒரு காலம். இரண்டு கிழமை போதும். அழவும் நேரமிருக்கும், படிக்கவும் நேரமிருக்கும்.

முதலில் பிள்ளைகளிடம் போகாதீர்கள், நிர்வாகத்திடம் போங்கள். "நான் சொல்லத்தான் போகிறேன்" என்று முரண்டுபிடித்தால் அது பிள்ளைகளின் தலையில்தான் விடியும். நிர்வாகத்தின் பயம் பணத்தைப் பற்றியது, அதற்கு விடை கொண்டுபோங்கள். உங்களுக்குப் பின் யார் எடுக்கப்போகிறார் என்பதைக் கேளுங்கள். அவரைக் கடைசி இரண்டு கிழமையும் உங்கள் வகுப்பில் இருக்கவிடச் சொல்லுங்கள். முதல் கிழமை அவர் பின்வாங்கில் இருக்கட்டும். இரண்டாம் கிழமை பாதிப் பாடம் அவர் எடுக்கட்டும், நீங்கள் பின்வாங்கில் இருங்கள். பெற்றோருக்கு அறிவித்தல் போகும்போது இரண்டு பெயரும் சேர்ந்து போகட்டும். ரீச்சரே கைப்பிடித்துக் கொடுத்த ஆள் என்றால் எந்தத் தாயும் பிள்ளையை மாற்றமாட்டாள். சொல்லாமல் விட்டு, ஜூனில் புது முகத்தைக் கண்டால்தான் மாற்றுவாள். இதை நிர்வாகத்துக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நான் அதிபராக இருந்த காலத்தில் இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தால் ஆசிரியரிடம் முதலில் கேட்பது பாடக்குறிப்பையும் இந்த மாதிரிக் கொப்பியையும்தான். பிரியாவிடை விருந்தும் பொன்னாடையும் பிறகு.

"திரும்பி வருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்முடைய பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுக் காத்திருந்தவர்கள். வேறு எதையாவது கொடுங்கள். எனக்குத் தோன்றுவது கடிதம். நம் பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுதட்டும், அவர்கள் பதில் எழுதட்டும். இரு பக்கத்துக்கும் ஆங்கிலம் வேற்றுமொழி, ஆகவே யாருக்கும் வெட்கமிராது.

ஒரு கேள்வி. அங்கே ஆங்கிலம் எந்தத் தரத்தில் தொடங்குகிறார்கள்? நம்மிடம் இல்லாத எதைக் கொண்டுவருவீர்கள்?

வவுனியா வாசகி

நான் ஹோ சி மின் நகரத்தில் படிப்பித்துவிட்டு வந்தவள். உங்கள் பதிவை வாசித்ததும் அந்த மே மாதம் அப்படியே வந்து நின்றது. வீதியெல்லாம் மயிற்கொன்றை சிவந்திருக்கும், மரத்துக்கு மரம் சில்வண்டு கத்தும். அந்த மரத்தையே அவர்கள் மாணவர் பூ என்பார்கள். பிள்ளைகள் இதழ்களை வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒட்டி, நினைவுக் குறிப்பேட்டைக் கையில் தருவார்கள். நாங்கள் சாதாரண தரம் முடிக்கும்போது கொண்டு திரிந்த ஓட்டோகிராப் கொப்பியேதான். அதற்குப் போதிய நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே வசனத்தை எழுதிவிடாதீர்கள், அவர்கள் கொப்பிகளை மாற்றி மாற்றி வாசிப்பார்கள்.

கடைசி நாளில் விருந்து வைப்பார்கள். பழங்கள், பால் தேநீர், பொரித்த பண்டங்கள், பாட்டு. நீங்களும் பாட வேண்டியிருக்கும், மறுக்க முடியாது. நான் ஒரு தாலாட்டுப் பாடினேன். ஒரு வரிகூட விளங்காமல் பெரிய பையன்கள் அமைதியாகக் கேட்டார்கள். அன்பளிப்பைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையாலும். கைக்குட்டை மட்டும் கொடுக்காதீர்கள், அது கண்ணீருக்கும் பிரிவுக்கும் உரியது என்பது அவர்கள் எண்ணம். நான் அம்மாவிடம் சொல்லி அனுப்புவித்துப் பனையோலையில் பின்னிய சின்னப் பெட்டிகளைக் கொடுத்தேன். அங்கேயும் ஓலைத் தொப்பி பின்னுகிறார்கள் அல்லவா, பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அழுகைக்கு நடுவில் இந்தக் கடதாசி வேலைகளை விட்டுவிடாதீர்கள். குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழை அங்கிருக்கும்போதே எடுங்கள், ஊருக்கு வந்தபின் எடுப்பது பெரும்பாடு. வருமான வரிக் கணக்கை நாட்டை விட்டுப் புறப்படுமுன் முடிக்க வேண்டும். சமூகக் காப்புறுதிக்குச் சம்பளத்தில் பிடித்திருந்தால், ஒப்பந்தம் முடியும்போது ஒரே தொகையாகக் கேட்க முடியும். சேவைக் கடிதத்தில் திகதிகளும் எந்த வயதுப் பிள்ளைகள் என்பதும் இருக்கட்டும். கடைசிச் சம்பளம் கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். எனக்கு அந்தச் சம்பளத்துக்கு வெகுநாள் அலைய வேண்டியிருந்தது.

சைகோன், அதுதான் ஹோ சி மின் நகரம், வழியாக விமானம் என்றால் ட்ருவோங் டின் வீதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் போன நம்மவர்கள் கட்டியது. இன்று அங்கே கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பூவும் ஊதுபத்தியுமாக வந்து, அம்மனிடம் தங்கள் மொழியில் குறை சொல்கிறார்கள். நான் புறப்படுமுன் அங்கேதான் போனேன். முடிந்தால் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

மாங்குளம் ரீச்சர்

மூவருக்கும் நன்றி. அதிபர் ஐயா சொன்னபடி முதலில் நிர்வாகத்திடம் போனேன். என்னோடு வகுப்பில் நிற்கும் வியட்நாமிய உதவி ஆசிரியையின் பெயரைத்தான் சொன்னேன். மூன்று தவணையாக என் பக்கத்தில் நிற்பவர். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குவான் என்பது எனக்குத் தெரிவதைவிட அவருக்குத் தெரியும். ஆனால் பெற்றோருக்கு வெளிநாட்டு முகம்தான் வேண்டும் என்ற எண்ணத்தில் அவரை இத்தனை நாளும் மொழிபெயர்க்கவும் கதிரை அடுக்கவும் வைத்திருந்தார்கள். இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே கோபம். பேச்சு நீண்டது. முடிவில், ஜூலையில் புது ஆள் வரும்வரை வகுப்பு அவருக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். பெற்றோருக்கான அறிவித்தலில் எங்கள் இருவர் பெயரும் போயிருக்கிறது. இதுவரை யாரும் பிள்ளையை மாற்றவில்லை.

வகுப்பிலும் சொல்லிவிட்டேன். பலகை மூலையில் திகதியை எழுதினேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், இலங்கையில் இப்போது நேரம் என்ன என்று கேட்டான். ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு என்றேன். "அப்படியென்றால் நாங்கள் இரவு படுக்கப் போகும்போது கோவுக்கு இன்னும் விளக்கு எரியும்" என்றான் இன்னொருவன். கோ என்றுதான் பெண் ஆசிரியரைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பி வருவீர்களா என்றும் கேட்டார்கள். தெரியாது, அம்மாவுடன் இருக்க வேண்டும் என்றேன். அது அவர்களுக்கு உடனே விளங்கியது. வீட்டில் மூத்தவர்களைப் பார்ப்பது என்ன என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஏமாற்றம் முகத்தில் இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு மிளகுத் தோட்டத்துத் தாத்தாவின் பேத்தி ஒரு பொட்டலம் மிளகு கொண்டுவந்தாள். என் அம்மாவின் முழங்காலுக்காம். எண்ணெயில் காய்ச்சிப் பூசச் சொல்லித் தாத்தா அனுப்பினாராம். அதை வாங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை நன்றாகவே நின்றேன்.

ஐயா கேட்டதற்குப் பதில். இங்கேயும் மூன்றாம் தரத்திலிருந்துதான் ஆங்கிலம் கட்டாயம், 2022 முதல். ஆனால் இவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தங்கள் மொழியையே ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் உண்டாக்கிய முறை. அலெக்சாண்டர் டி ரோட்ஸ் 1651இல் ரோமில் அச்சிட்ட அகராதி அதற்கு அடித்தளம். ஆகவே எழுத்துகளின் வடிவத்தோடு மல்லுக்கட்டும் வேலை இவர்களுக்கு இல்லை, நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மாறாக, சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். ரைஸ், ரைட், ரைட்ஸ் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். அதற்காகக் கடைசி ஒலி வரும்போது ஆளுக்கொரு கைதட்டு என்று ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். நம் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. அவர்கள் சொல்லுக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்ப்பவர்கள்.

நான் கொண்டுவர விரும்புவது வேறு. இங்கே வகுப்பு முழுவதும் ஒரே குரலில் உரக்கச் சொல்வார்கள், பிறகு இருவர் இருவராகச் சொல்வார்கள், கடைசியில்தான் தனியே எழுப்புவார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு முதல் இரண்டு படியிலும் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. நம்மிடம் எடுத்தவுடன் எழுப்பி நிறுத்திவிடுகிறோம். கை தூக்காத தம்பி இதைச் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கொப்பி எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போகிறது, ஒரு வரியில் அடங்கவில்லை. உதவி ஆசிரியைக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஆனால் ஜூலையில் வருபவருக்குத் தேவைப்படும்.

முத்தையன்கட்டுக்காரன்

உண்மைதான் அக்கா. எழுப்பி நிறுத்தினால் வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும். வகுப்போடு சேர்ந்து சொல்லவிட்டிருந்தால் நான் ஓராண்டு முந்தியே பேசியிருப்பேன்.

கடித விடயத்தை நான் பொறுப்பெடுக்கிறேன். நான் படித்த பாடசாலையில் இப்போது இருக்கும் ஆங்கில ரீச்சரை எனக்குத் தெரியும், மறுப்புச் சொல்லமாட்டார். எந்தத் தரத்துப் பிள்ளைகள் வேண்டும்? என்ன எழுதச் சொல்வது?

மாங்குளம் ரீச்சர்

தம்பி, ஆறாம் ஏழாம் தரம் என்றால் வயது பொருந்தும். இங்கே உதவி ஆசிரியை சேர்த்து அனுப்புவார், முகவரி நிலையத்தினுடையது. பிள்ளைகளின் வீட்டு முகவரியை எழுதவிட வேண்டாம். முதல் கடிதத்தில் ஐந்து வசனம் போதும். குளத்தில் பிடிபடும் மீன், வீட்டில் நிற்கும் மரம், காலையில் என்ன சாப்பாடு, பாடசாலைக்கு எப்படிப் போகிறார்கள், வீட்டில் யார் யார். ரீச்சர் பிழைகளைத் திருத்தி மறுபடி எழுதவைக்காமல் அப்படியே அனுப்பட்டும். இங்குள்ளவர்களும் பிழையோடுதான் எழுதுவார்கள்.

பாலைப்பழக் காலத்தில் ஊரில் இருப்பேன். முதல் கடிதக் கட்டை நானே கையில் கொண்டுவருகிறேன். பாடசாலையில் எந்த நாள் வசதி என்று கேட்டுச் சொல்லுங்கள்.